வெறும் வயிறு, சத்தியமா!

பொய் சொல்வதிலும் ஒரு அளவு வேண்டாமா? “ராத்திரி ஒன்பது மணிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா பாய்?” என்று சிஸ்டர் ஞானஜோதி கேட்டது ஒரே ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். படப்பை பிரியாணி மாஸ்டர் பாட்சாவோ, “தண்ணி கூடத் தொடலை சிஸ்டர். எச்சில் கூட முழுங்கலை. வூட்டுப் பூனைய வேணா கேட்டுப் பாருங்க!” என்று அடுக்கிக்கொண்டே போனார்.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் குப்பை கொட்டிய ஞானஜோதிக்கு அது போதும். கேட்காததற்கெல்லாம் பதில் வந்தால் பொய். அதையும் கேட்டவளிடம் சொல்லாமல், பக்கத்தில் நிற்கும் மனைவி அக்தர் பேகத்தைப் பார்த்துச் சொன்னால் சுத்தப் பொய்.

அவர் மேல் பிரியாணி வாசனை கமகமத்தது. ஆனால் விடியற்காலையில் ஒரு நிக்காஹ் ஆர்டருக்குத் தம் போட்டுவிட்டு நேராக வந்தவர். வாசனையை வைத்து என்ன சொல்ல முடியும்? பதினோரு மணிக்கு ஹெர்னியா ஆபரேஷன். வயிற்றில் சோற்றோடு மயக்க மருந்து கொடுத்து, அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆள் பிழைப்பதே கஷ்டம். ஞானஜோதிக்குப் பகீரென்றது.

நேராகக் கேட்டால் மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். ஆர்டர், ஆர்டர் என்று ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டவர். மூன்றாவது தடவையும் தள்ளினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பேகம் வார்டுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள்.

அந்த நிக்காஹ் பிரியாணியிலிருந்து சிஸ்டர்களுக்கென்று பேகம் கொண்டுவந்த டப்பா மேஜைமேல் இருந்தது. ஞானஜோதி அதைப் பார்த்தாள்.

“பேகம்மா, பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்.”

பாட்சா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “இன்னா, என் பிரியாணில உப்பு தூக்கலா? காலைல ஏழு மணிக்கு நானே ரெண்டு தட்டு சாப்ட்டேன், எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டருக்கு போன் போனது. ஆபரேஷன் நாளைக்கு மாறியது. பேகம் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். ஞானஜோதிக்கே பாவமாகிவிட்டது. “நான் இன்னும் டப்பாவையே திறக்கலை பாய், சும்மா சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டு, ஒரு வாய் எடுத்துப் போட்டாள். “அருமை!” என்றாள். கை தானாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடியது.

பாட்சா கண்ணுக்கு அது தப்புமா? “பொய் சொல்லாதீங்க சிஸ்டர். சாப்பிடறவங்க கைய பாத்தே நான் சொல்லிடுவேன். நெஜமாவே உப்பு தூக்கல்தான்.” அவர் குரல் இறங்கியது. “காலைலேர்ந்து கை நடுங்கிகினே கீது. ஊசி போட்டா எழுந்திரிப்பேனோ மாட்டேனோ... கடைசியா ஒரு வாய் துன்னுக்கலாம்னு ஒக்காந்தேன். ரெண்டு தட்டு போனதும் தெரியலை, ருசியும் தெரியலை.”

பேகத்தின் திட்டு பாதியில் நின்றது. “இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்கு எழுந்திரிச்சிடுவேனா சிஸ்டர்?”

“எழுந்திரிச்சிடுவீங்க பாய்.”

பாட்சா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அது பாட்டில் பக்கம் போகவே இல்லை. அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தார்.