மாமன் மடிக்கு ஒரு கையெழுத்து

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்துவிட்டது. மூன்று வயது மகிழினி அம்மா ஸ்ரீதேவியின் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் காது குத்தக் காத்திருந்த தீர்த்தகிரி ஆசாரி இரண்டாவது முறையாகத் தொண்டையைச் செருமினார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் கதிரோ, பலகையில் உட்காராமல் உள்ளறையில் தங்கையிடம் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

"சாமி, நாலு பக்கந்தான். திங்கக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு. இப்பக் கையெழுத்து, அங்க வந்து விரல வெச்சாப் போதும்."

அது விடுதலைப் பத்திரம். பாட்டன் வழி வந்த மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் தனக்குப் பங்கே வேண்டாமென்று ஸ்ரீதேவி எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

கேட்பவன் யாரென்று நினைத்தீர்கள்? நாமக்கல் கோர்ட்டில் வக்கீல். தினமும் யூடியூபில் தீர்ப்புகளுக்கு விளக்கம் சொல்கிறவன். போன வாரம்தான் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, "பொண்ணுக்குப் பொறப்புலயே சம பங்கு, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, தங்கச்சிங்களே தைரியமாக் கேளுங்க" என்று முழங்கினான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஸ்ரீதேவியும் பார்த்துப் பெருமையோடு நாலு பேருக்கு அனுப்பிவைத்தாள், பாவம்.

"நீங்கதானுங்கண்ணா கேக்கச் சொன்னீங்க?"

"அது ஊருக்குச் சொல்றது. கையெழுத்துப் போடாட்டி நான் பலகைல ஒக்கார மாட்டேன். மாமனில்லாமக் காது குத்துனாங்கன்னு ஜேடர்பாளையமே பேசும். அப்பறம் சீரும் வராது, நாங்களும் வர மாட்டோம்."

தங்கையின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அந்த மட்டுக்காவது வெட்கம் மிச்சமிருந்தது.

பின்னால் வந்து நின்ற கணவன் சரவணக்குமார் அவள் காதருகே குனிந்தான். "போடாத புள்ள. சட்டம் நம்ம பக்கம். கேஸ் போட்டாலும் நாமதான் செயிப்போம்."

சட்டம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்ரீதேவியின் பார்வை கூடத்துக்குப் போனது. ஆரத்தித் தட்டோடு நின்றாள் வள்ளியாத்தாள், சரவணக்குமாரின் அக்கா. மூன்று வருடங்களுக்கு முன் மாமனார் இறந்த பிறகு, இதே அறையில், இதே மாதிரிப் பத்திரம். அன்றைக்குப் பேனா மூடியைக் கழற்றி நீட்டியவள் ஸ்ரீதேவிதான். "பொறந்தவன் ஒறவு வேணுமில்லீங்க நங்கையா? சீருக்குக் கொறை வெக்க மாட்டோம்" என்று நாத்தனாரிடம் தேனாகப் பேசினாள். வள்ளியாத்தாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவள் பங்கை விற்றுத்தான் இந்த வீட்டுக்கு மாடி எழும்பியது.

அண்ணன்மேல் வந்த கோபமெல்லாம் அவமானமாகி அவள்மேலேயே விழுந்தது. சீ, நானும் இவனும் ஒன்றுதானே!

"நீங்க ஒக்கார வேண்டாமுங்கண்ணா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கூடத்துக்கு வந்து, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு தானே பலகையில் உட்கார்ந்தாள். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஆசாரி தயங்கினார்.

"குத்துங்க ஆசாரி. பெத்தவ மடியில குத்துனா ஓட்டை விழுகாதா?"

கம்பி இறங்கியது. மகிழினி வீறிட்டாள். "அப்படிப் போடு" என்று சரவணக்குமார் சத்தமாகவே சிரித்தான்.

ஸ்ரீதேவி தலை நிமிர்ந்தாள். "நங்கையா, அன்னிக்குப் பேனா எடுத்துக் குடுத்த கை இது. எல்லார்த்துக்கும் முன்னால சொல்றேன், தப்புங்க." பிறகு கணவனிடம் திரும்பினாள். "ஏனுங்க, திங்கக்கெழமை நாமளும் ஒரு டோக்கன் போடலாமுங்க. உங்கக்கா பங்குக்கு ஈடா நம்ம பங்குல எழுதிக் குடுத்துரலாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. சரவணக்குமார் மச்சானைப் பார்த்தான். மச்சான் அவனைப் பார்த்தான்.

"நல்ல நாளும் அதுவுமா, இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன பேசறதுன்னே தெரியலீங்க மாப்ள" என்றான் வக்கீல்.

"ஆமாங்க மச்சான்" என்றான் சட்டம் தெரிந்த கணவன்.

இன்னொரு காது பாக்கி இருந்தது. வள்ளியாத்தாள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"எந்திரி, சாமி. இந்தக் காதுக்கு நான் ஒக்காந்துக்கறேன்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.