கைநிறையக் காகிதம்

"நீ வாசல்லயே நில்லுப்பா. உள்ள வராத" என்று சொல்லித்தான் மகள் சர்ச்சில் நடக்கும் வாலிபர் கூட்டத்துக்கு வரச் சம்மதித்தாள். வீடு மாறி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு சிநேகிதிகூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் சுவர். இங்கேயும் ஒட்டவில்லையென்றால் இனி எங்கேயும் போகமாட்டேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குக் கிடங்கில் சிமெண்ட் லாரி. இறக்கி முடித்த கையோடு, குளிக்காமல்கூட அவளைக் கூட்டி வந்திருந்தேன். ஆலயத்தை ஒட்டிய அறையின் வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றேன். கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இல்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கூட்டம் நடத்துகிறவரைப் பிள்ளைகள் கித்தார் அண்ணன் என்பார்கள். அவர் கண்ணில் பட்டுவிட்டேன்.

"ஐயா, நனையாதீங்க, உள்ள வாங்க. ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு."

மறுத்துப் பேசத் தெம்பில்லை. வட்டத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்த மகள் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மழையே தேவலை.

ஒரு காகிதச் சுருள் கைமாறி வந்தது. சமையலறையில் கை துடைக்க, துண்டு துண்டாகக் கிழிகிற மாதிரி வைத்திருப்பார்களே, அதுதான். "வேணுங்கற அளவு கிழிச்சுக்குங்க" என்றார் கித்தார் அண்ணன். பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தார்கள். மகள் ஒரே ஒரு துண்டு. என் கழுத்தில் மழையும் சிமெண்டும் சேர்ந்து அரித்துக்கொண்டிருந்தது. துடைக்கத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைத்து இழுத்தேன், இழுத்தேன், மடி நிறைய இழுத்துவிட்டேன். வட்டமே சிரித்தது.

"போச்சு! அங்கிள் இன்னைக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்றாள் ஒல்லியாக ஒரு பெண். குண்டூசி என்று கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் விளையாட்டையே சொன்னார்கள். கையில் எத்தனை துண்டோ, தன்னைப் பற்றி அத்தனை சேதி சொல்ல வேண்டும். புதியவர்களுக்குக் கூச்சம் விடுவதற்காம்.

மகள் முறை வந்தது. "நான் புதுசு" என்றாள். துண்டைக் கசக்கிக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

என் முறை. "சிமெண்ட் எறக்குறேன்" என்றேன். ஒரு துண்டு போனது. "எந்தச் சட்டை போட்டாலும் எடது தோள் எறங்கித்தான் நிக்கும். நின்னுக்கிட்டே தூங்குவேன். ஆராதனைல உக்காந்துக்கிட்டுத் தூங்குவேன்."

கித்தார் அண்ணனே சிரித்துவிட்டார். அதோடு எனக்குச் சேதி வற்றிப்போனது. எவ்வளவு யோசித்தும் மூட்டையைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"அங்கிள், பாதிகூட முடியலையே" என்றான் ஒருவன்.

"அவ்வளவுதான் தம்பி. நான் அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கெடுத்துவிட்டேன், இனி இவள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று எழப் பார்த்தேன்.

அதற்குள் எதிரே நாற்காலி நகரும் சத்தம். மகள் வந்து என் மடியிலிருந்த காகிதத்தை அள்ளிக்கொண்டாள்.

"மிச்சத்த நான் சொல்றேன்."

"தங்கச்சி, அவங்கவங்களப் பத்தி அவங்கவங்கதான்..." என்று கித்தார் அண்ணன் இழுத்தார்.

"விடுங்கண்ணா, அவ வாயத் தெறந்ததே பெருசு" என்றாள் குண்டூசி.

"எங்கப்பா தூக்கத்துலகூட தோளத் தூக்கித் தூக்கி வைப்பாரு. மூட்டை நழுவுதாம்." ஒன்றைக் கிழித்துப் போட்டாள். "அம்மாவுக்குக் காலைல டூட்டி. எனக்கு இவருதான் ஜடை பின்னுவாரு. லாரிக்குக் கயிறு கட்டின மாதிரி இருக்கும். ஸ்கூல் வாசல்ல அவுத்துட்டு வேற பின்னிக்குவேன். அது இவருக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிருச்சு!" என்று குண்டூசி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதுவரைதான் நான் கேட்டது. அப்புறம் கண் தானாக மூடிக்கொண்டது. விழித்தபோது மழை விட்டிருந்தது. காகிதம் தீர்ந்து வெகுநேரமாகியிருக்கும். மகளும் குண்டூசியும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட மனசில்லாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அடுத்த வாரமும் நான் வாசல்லதானா?"

"உள்ளயே வா. மூலைல ஒக்காந்து தூங்கு" என்றாள். கொஞ்ச தூரம் போய், "காகிதத்த மட்டும் தொடாத."