ஆளுநர் வந்த நாளை எழுதியவன்

மம்தூஹின் வலைப்பூவில் நூற்று நாற்பத்தொன்றாவது பின்னூட்டம் விழுந்ததைக் கண்டதும் லுத்ஃபிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் வலைப்பூவில் மொத்தமே ஆறு. இரண்டு, அலெக்ஸாந்திரியாவிலிருக்கும் மச்சான் போட்டது. மூன்று, அவனே வேறு வேறு பேரில் போட்டுக்கொண்டது. ஆறாவது ஏதோ வழுக்கைத் தைலத்துக்கு விளம்பரம்.

கெய்ரோவின் முஸ்கிச் சந்தையில் லுத்ஃபிக்குப் பொத்தான் கடை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் மம்தூஹுக்குத் திரைச்சீலைக் கடை. ஊரெல்லாம் ஆளாளுக்கு வலைப்பூ தொடங்கிக்கொண்டிருந்த நேரம். லுத்ஃபி மூன்று வருடமாக எழுதுகிறவன். 'நிதானமான பார்வைகள்' என்று பேர் வைத்து, ரொட்டி வரிசையிலிருந்து நாடாளுமன்றம் வரை, புதுச் செல்பேசியின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வரை, சுத்தமான இலக்கண அரபில் எழுதினான். மம்தூஹுக்கு வலைப்பூ திறந்து கொடுத்ததும், தட்டச்சு சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அந்தப் படுபாவி 'கடையில சும்மாதான் இருக்கேன்' என்று பேர் வைத்தான். எழுதியது என்ன? மாமியார் மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டு பயந்து அதற்குப் பர்தா போட்டு மூடி வைத்த கதை. அதற்கு நூற்று நாற்பத்தொன்று!

அதைவிடப் பெரிய குத்து வீட்டுக்குள் இருந்தது. லுத்ஃபியின் மனைவி இன்ஸாஃப் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன படிக்கிற?"

"மம்தூஹ் எழுதினது. ஐயோ, அந்த மாமியார்!"

"என்னோடத என்னைக்காவது படிச்சிருக்கியா?"

"படிச்சேனே. மின்கலத்தைப் பத்தி. நல்லாத் தூக்கம் வந்துச்சு."

மறுநாள் மாலை ஹனஃபியின் தேநீர்க் கடையில் ஏழெட்டு வியாபாரிகள் கூடியிருந்தார்கள். மம்தூஹ் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "எழுத விஷயமே இல்லப்பா. சனங்க அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேட்டு உசுரை வாங்குறாங்க" என்றான். இப்படி ஒரு துக்கம் தனக்கு வரவில்லையே என்று லுத்ஃபிக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"விஷயம் இல்லையா? ஆளுநர் வந்தாரே, அது விஷயம் இல்லையா? நாலு நாள் முன்னாடியே நகராட்சிக்காரன் வந்து என்ன சொன்னான்? 'ஆளுநர் கார்ல வலது பக்கம் உக்காருவார், அதனால வலது பக்கக் கடைக்கு மட்டும் பெயிண்ட்'னான். அது எங்க பக்கம். அடிச்சான்யா, பூட்டுக்கு மேலயே அடிச்சான்! எங்க கடை வாசல்ல தூங்கின பூனைக்குக்கூடப் பாதி வால் பச்சையாயிடுச்சு. ஆளுநர் வந்த அன்னைக்கு என்ன ஆச்சு? அந்த முனையில லாரி கவுந்து, கார் இந்த முனையால வந்துச்சு. வலது கை இடது கையாப் போச்சு! அவர் பார்த்தது பூரா மம்தூஹ் பக்கத்து அழுக்கு. நகராட்சிக்காரன் மயங்கி விழப் போனான். ஆளுநர் கண்ணாடியை இறக்கி, 'அடடா! பழமையை எவ்வளவு அழகாக் காப்பாத்தி வச்சிருக்கீங்க! எதிர்ப்பக்கத்தை மட்டும் யார் இப்படிக் கெடுத்தது?'ன்னாரு. மறுநாள் வந்து எங்க பெயிண்டைச் சுரண்டினாங்க. பூனையையும் தேடினாங்க!"

தேநீர்க் கடையே குலுங்கியது. ஹனஃபி கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மம்தூஹ் வாய் பிளந்து பார்த்தான். ஊர் வழக்கப்படி மகள் பேரைச் சேர்த்து, 'தாலியாவின் அப்பா' என்றுதான் லுத்ஃபியை அழைப்பான். "அபூ தாலியா, என்ன அழகாச் சொல்ற! அருமையான சரக்கு."

முஸ்கியில் ஒருவர் கைப்பொருளை இன்னொருவர் புகழ்ந்தால், அது கைக்கடிகாரமானாலும் கழுத்துத் துண்டானாலும், உடையவர் 'எடுத்துக்கோ, உன்னுது' என்றுதான் சொல்வார். புகழ்ந்தவர் 'உனக்கே இருக்கட்டும்' என்பார். முதல் தடவை மரியாதை. இரண்டாம் தடவை கூடுதல் மரியாதை. அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் தடவை சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, பொருள் கைமாறியது.

"எடுத்துக்கோ, உன்னுது" என்றான் லுத்ஃபி.

"ஐயய்யோ, உனக்கே இருக்கட்டும்."

"அட, எடுத்துக்கோப்பா."

"வேண்டாம்ப்பா, நீயே எழுது. நீதான் உஸ்தாத், என் வாத்தியார்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுற்றி எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்று நாற்பத்தொன்றுக்காரன் முன்னால் தான் வள்ளலாக நிற்கும் காட்சி லுத்ஃபிக்குத் தித்தித்தது. கையை வீசி, "எங்கிட்ட இந்த மாதிரி மூட்டை மூட்டையாக் கிடக்கு. எடுத்துட்டுப் போ!" என்றான்.

ஹனஃபி "மூணு" என்று முணுமுணுத்தார். மம்தூஹ் எழுந்து வந்து அவன் இரு கன்னத்திலும் முத்தமிட்டான்.

உண்மையில் லுத்ஃபி அதே கதையை மூன்று வாரமாக எழுதிக்கொண்டுதான் இருந்தான். முஸ்கியின் நகராட்சி வரலாறு பற்றிய முன்னுரையே இன்னும் முடியவில்லை. மம்தூஹ் அன்றைக்கே எழுதிவிட்டான். லுத்ஃபி வாயிலிருந்து வந்தபடியே, பூனையின் பாதி வால் உட்பட, ஒரு சொல் மாறாமல். மறுநாள் மத்தியானம் முந்நூற்றுப் பன்னிரண்டு. வாடிக்கைக்காரிகள் பொத்தான் வாங்கிக்கொண்டே, "எதிர்க்கடைக்காரர் எழுதினதைப் படிச்சீங்களா?" என்று கேட்டார்கள். லுத்ஃபி ஒரு டஜன் பொத்தானுக்குப் பதின்மூன்று எண்ணிக் கொடுத்தான். கணக்கில் அவன் தவறியது பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்து, ஆளுநரைப் பற்றி எழுதியதற்காக மம்தூஹை அழைத்துப் போனார்கள். சந்தை திகைத்தது. லுத்ஃபியும் திகைத்தான், மனிதன்தானே. ஆனால் மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தால் 'மம்தூஹை விடு' என்று எழுநூறு பேர். யாரோ அவன் முகத்தை வரைந்து போட்டிருந்தார்கள், மூக்கைக்கூடச் சின்னதாக்கி. இன்ஸாஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு துணிச்சல் பாரு!" என்றாள்.

லுத்ஃபி திரும்பி வந்து கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்கு நடந்தான்.

நிலையத்தில் மம்தூஹ் ஒரு பெஞ்சில் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தான். அதிகாரி மேசைக்குப் பின்னால் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"பாஷா," என்று அதிகாரியை மரியாதையாக விளித்தான் லுத்ஃபி, "அதை எழுதினது இவன் இல்ல. நான்."

"ஓஹோ. நண்பனைக் காப்பாத்த வந்திருக்கே."

"காப்பாத்த இல்ல பாஷா! அது என்னுது. பேர்தான் இவனுது."

மம்தூஹ் கண்கலங்கி, "வேண்டாம் அபூ தாலியா, எனக்காக நீ மாட்டிக்காதே" என்றான்.

"நீ சும்மா இரு. இங்கேயும் நல்ல பேர் வாங்கப் பாக்காத."

அதிகாரி சிரித்துவிட்டு, லுத்ஃபியின் வலைப்பூ விலாசத்தைக் கேட்டு வாங்கித் திறந்து படித்தார். ஒரு பத்தி படித்தார், கொட்டாவி விட்டார். "'மேற்கூறிய காரணங்களை முன்னிட்டு'... இது என்னய்யா, வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பமா? அதை எழுதினவன் வேற ஆள். அவன் பேசுறான். நீ மனு போடுற. வீட்டுக்குப் போ."

ஆறு பின்னூட்டம் தராத அவமானத்தை அந்த ஒரு கொட்டாவி தந்தது. லுத்ஃபி மேசையைத் தட்டினான். "எழுதினது வேற மாதிரி இருக்கலாம் பாஷா. சொன்னது நான்! இப்போ சொல்றேன், கேளுங்க!"

சொன்னான். நகராட்சிக்காரனாக நடந்து காட்டினான், கண்ணாடியை இறக்கும் ஆளுநராக உட்கார்ந்து காட்டினான், வால் பச்சையான பூனையாகக்கூட ஒரு சுற்று வந்தான். பக்கத்து அறைக் காவலர்கள் கதவில் குவிந்தார்கள். கைவிலங்கு போட்டிருந்த ஒரு பிக்பாக்கெட்காரன் சிரித்துப் புரையேறினான். அதிகாரி மூக்கிலிருந்து எலுமிச்சைச் சாறு வந்தது.

அவர் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "சந்தேகமே இல்ல, உன்னுதுதான். முழுப் பேரைச் சொல்லு."

லுத்ஃபி தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர் மூன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எழுத்துப் பிழை இல்லையே என்று எட்டியும் பார்த்தான். மம்தூஹை அனுப்பிவிட்டு லுத்ஃபியை உள்ளே உட்கார வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஹனஃபி சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். இன்ஸாஃப் செய்த குஷரி. அரிசியும் பருப்பும் மேலே பொரித்த வெங்காயமுமாக மணத்தது. "சாயங்காலம் கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுவாங்களாம்" என்றார்.

"அது கிடக்கட்டும். ஊர்ல என்ன பேச்சு?"

"உன் பேச்சுதான்! நீ இங்க வந்தது, பூனையா நடந்தது, எல்லாத்தையும் எழுதியாச்சு. ஆயிரத்து இருநூறு பேராம். 'லுத்ஃபி வாழ்க, லுத்ஃபிதான் ஆம்பளை'ன்னு."

லுத்ஃபிக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு கரண்டி வாயில் போட்டான். மெல்லும்போதுதான் உறைத்தது.

"எழுதினது யாரு?"

"மம்தூஹ்தான். அவன் வலைப்பூவுலதான். ரொம்ப உருக்கமா எழுதியிருக்கான்."

கரண்டி டப்பாவுக்குள் இறங்கியது.

"என் வலைப்பூவுல? ஒரு பின்னூட்டம்கூடவா இல்ல?"

"இருக்கு, இருக்கு. உன் வீட்டம்மா போட்டிருக்காங்க."

"இன்ஸாஃபா? என்ன எழுதியிருக்கா?"

ஹனஃபி தாடையைச் சொறிந்தார். "டப்பா மூடியைத் தொலைச்சிடாம கொண்டுவரச் சொல்லி."