அந்தப் பக்கத்துக் கயிறு

பார்சல்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். பார்சல் ஆபீசில் மூட்டை கட்டியே தலை நரைத்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் அடுத்தவர் கட்டிய கட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. பைக்கில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால் போதும், பக்கத்தில் போய் நின்று, "இது கட்டா, அலங்காரமா?" என்பார். வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு மதியம் தூங்கிப்போனார். பாத்திரம் கரிந்து வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் கதவைத் தட்டி எழுப்பியதோடு நிற்காமல் மகளுக்கும் போன் போட்டுவிட்டான். அன்று பிடித்தது வினை. வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று மகள் நச்சரிக்க ஆரம்பித்தாள். அவருக்கோ அந்த வீட்டை விட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மனைவி துணி காயப்போட்ட கொடி, அவள் திட்டித் திட்டி மூடிய ஜன்னல், எல்லாம் அங்கேதான் இருந்தன.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சாப்பாட்டு மேசை பெரியது, தனி ஆளுக்கு எதற்கு? மகள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

"யாரையும் அனுப்பாத. நானே கட்டி, நானே ஓட்டிட்டு வர்றேன். அதப் பாத்துட்டுச் சொல்லு, நான் தனியா இருக்கலாமா கூடாதான்னு."

"சரிப்பா. மேசை ஒழுங்கா வந்து சேந்தா, வீட்டப் பத்தி இனி வாய் திறக்கமாட்டேன்" என்றாள் மகள் போனில்.

எலெக்ட்ரீஷியனும் அவன் அண்ணனும் மேசையைத் தூக்கி, கார் கூரையில் இருந்த கம்பிச் சட்டத்தின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். நாலு கால்களும் வானத்தைப் பார்த்தன. கட்டவும் கை கொடுக்கிறோம் என்றார்கள். "ஏத்தினீங்கல்ல, கிளம்புங்க. கட்டுறது என் வேலை" என்று விரட்டிவிட்டார்.

அவரும் மனைவியும் எத்தனையோ சாமான்களை இந்தக் கூரையில் ஏற்றியிருக்கிறார்கள். கட்டில், பீரோ, ஒருமுறை மகளின் தையல் மெஷின்கூட. ஓட்டும் பக்கம் அவருடையது. உட்காரும் பக்கம் அவளுடையது. கயிற்றின் ஒரு முனையைத் தன் பக்கத்துச் சட்டத்தில் கட்டிவிட்டு மறுமுனையைச் சாமானுக்கு மேலே வீசுவார். "வாங்கிக்கோ!" என்பார். அவள் இழுத்துக் கட்டிவிட்டு, "ஆச்சு" என்பாள். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். அவ்வளவு கட்டியும் அவளுக்கு நம்பிக்கை வராது. வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மேலே இருக்கும் கயிற்றைப் பிடித்தபடியே வருவாள். "உன் கை என்ன கிரேனா? உள்ள போடு" என்று ஒவ்வொரு முறையும் அவர் சண்டை போடுவார். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றும் அவர் தன் பக்கத்தில் இரண்டு கயிறுகளை அசையாமல் கட்டினார். இழுத்துப் பார்த்தார், திருப்தி. மறுமுனைகளை மேலே வீசினார். "வாங்கிக்கோ" என்றாரா, மனதுக்குள் சொன்னாரா என்பது அவருக்கே நினைவில்லை. கொஞ்சம் நின்றார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

போகும்போது அந்தப் பக்கத்துக் கதவில் ஏதோ மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு சத்தம் இருப்பது அவருக்குப் பழக்கம்தான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக, கார் வெறிச்சென்று இல்லாதது போலவும் இருந்தது.

மகள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் வளைவில் மேசை சரிந்தது. கூரை கிரீச்சிட்டது, அப்புறம் தடாலென்று ஒரு சத்தம். பின்னால் வந்த சைக்கிள்காரன் ஒதுங்கப் போய் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். "பெரியவரே, ஆளக் கொல்லவா கிளம்பினீங்க?" என்று கத்தினான். நடுத்தெருவில் மேசை இரண்டு கால் ஒடிந்து கிடந்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். முதலில் அப்பாவின் கை காலைத் தொட்டுப் பார்த்தாள். சைக்கிள்காரனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். அப்புறம்தான் காரைச் சுற்றி வந்தாள். ஓட்டும் பக்கம் முடிச்சுகள் கல்லாக இருந்தன. மறுபக்கம் இரண்டு கயிறுகளும் தரையில் புரண்டன.

"அப்பா, இந்தப் பக்கம் கட்டவே இல்லியே! மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வயதானால் மறதி வரும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறக்கலம்மா. அது உங்கம்மா பக்கம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆபீஸ்ல எல்லார் கட்டையும் இழுத்துப் பாப்பேன். அவ கட்டின பக்கம் மட்டும் நான் ஒருநாளும் போய்ப் பாத்ததில்ல" என்றார்.

வேடிக்கை பார்த்தவர்கள் ஒரு கை கொடுக்க, மேசையும் ஒடிந்த கால்களும் மறுபடி கூரைக்கு ஏறின. அவர் தன் பக்கம் கட்டிவிட்டு கயிறுகளை மேலே வீசினார். மகள் பிடித்து, இழுத்து, தனக்குத் தெரிந்தபடி கட்டினாள். அவர் மெதுவாக நடந்து அந்தப் பக்கம் வந்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அது கட்டும் இல்லை, அலங்காரமும் இல்லை. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

பிறகு சட்டைப்பையில் இருந்து வீட்டுச் சாவியையும் கார் சாவியையும் சேர்த்தே எடுத்து மகள் கையில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்வாளோ என்று ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

அவர் மனைவியின் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மகள் வண்டியை எடுத்ததும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"கைய உள்ள போடுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் கேட்கவில்லை.