தாணு அண்ணாச்சியின் ஆறு கியர்

பிரசவம் பார்க்கும் வேலைக்கு வந்த பதினான்கு வருஷத்தில் நான் எத்தனையோ பேரிடம் கோபப்பட்டிருக்கிறேன். வலி எடுத்து ஆறு மணி நேரம் கழித்து ஆள் அனுப்பும் மாமியார்கள், வெந்நீர் கேட்டால் காப்பி கொண்டுவரும் புருஷன்மார்கள், இப்படி. அவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் ஏற்றினாலும் ஆரியசாலை சைக்கிள் கடைத் தாணுலிங்கத்துக்கு ஈடாகாது.

நான் பொன்னம்மை. அரசாங்க நர்ஸ். திருவனந்தபுரத்தில் பிள்ளை பெறும் பெண்கள் எல்லோரும் என்னைப் பழிவாங்கவென்றே குன்றின் மேல் குடியிருந்தார்கள். ஏற்றம் வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ள வேண்டும். மேலே போய்ச் சேரும்போது பாதி வேலையைப் பக்கத்து வீட்டுக்காரி செய்து கெடுத்து வைத்திருப்பாள். பிரசவத்தில் பத்து நிமிஷம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் ஐம்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் என் லேடீஸ் சைக்கிளைத் தாணு அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டேன். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சின்ன எஞ்சின் அவர் கடையில் கிடந்தது. அதைச் சைக்கிளில் பொருத்த வேண்டும், வண்டி ஏற்றம் ஏற வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

"பத்து நாள் தாருங்க நர்ஸம்மா. ஏற்றம் என்ன, தென்னை மரத்திலேயே ஏறும்" என்றார்.

பத்து நாளில் எஞ்சின் பொருந்தியது உண்மைதான். எஞ்சினின் உருளை பின் டயரை உரசிச் சுற்றியது. சமதரையில் ஓடிய வண்டி முதல் ஏற்றத்திலேயே முனகி நின்றது. மழை பெய்தால் உருளை வழுக்கியது. கியர் வேண்டும் என்றார் அண்ணாச்சி. நானும் சம்மதித்தேன். பின்சக்கரத்தில் மூன்று கியர் உள்ள சீமை ஹப்பை மாட்டி, உருளைக்குப் பதில் ஒரு சங்கிலியால் எஞ்சினைப் பெடல் அச்சோடு இணைத்தார். இனி எஞ்சினும் என் காலும் அதே மூன்று கியர் வழியாகத்தான் இழுக்கும் என்று விளக்கினார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் பிடித்ததும் பெடல்கள் தாமாகவே சுழல ஆரம்பித்தன. காலைத் தூக்கிக்கொண்டேன். சேலையைத் தூக்க மறந்துவிட்டேன். சாலைக் கடைத்தெரு நடுவில், வெள்ளைச் சேலை முழங்கால் வரை சங்கிலிக்குள் போன பிறகு, தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலால் என்னை நானே வெட்டி விடுவித்துக்கொண்டேன். மிளகாய்க் கடைக்காரர்கள் எல்லோரும் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பெடலுக்கு ஒரு ஃப்ரீவீல் வச்சா செரியாயிரும்" என்றார் அண்ணாச்சி. சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனிக் கடைசியில் அதையும் வைத்தார். கிள்ளிப்பாலம் வரை போய்வந்தேன். பெடல் அசையவில்லை, கியர் மாறியது, மேட்டில் வண்டி நிற்காமல் ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "ஒரு நட்டு மட்டும் முறுக்கணும். காலம்பற வந்து எடுத்துக்கிடுங்க" என்றார். நம்பி விட்டுவிட்டுப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் வண்டி நாலு துண்டாகச் சாக்கின் மேல் கிடந்தது.

"முன்னாலயும் ரெண்டு பல்சக்கரம் வச்சா மூவிரண்டு ஆறு கியர், கேட்டேளா?" என்றார் அண்ணாச்சி, முகமெல்லாம் கிரீஸும் சிரிப்புமாக.

"எனக்கு எதுக்கு ஆறு? நேத்து ஓடிச்சே, அது மதி, போதும்."

"ஓடிச்சு. ஆனா ஒண்ணாம் கியருக்கும் ரெண்டுக்கும் நடுவிலே ஒரு குறை உண்டு நர்ஸம்மா."

"அந்தக் குறையோட தாங்க."

"குறையோட ஒரு சாமானை எப்படியாக்கும் கையிலே தாறது?"

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. நான் நடந்தேன். வாரம் ஒருமுறை கடைக்குப் போய்க் கத்துவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பல்சக்கரத்தை எடுத்துக் காட்டுவார். அவர் மனைவி உலகம்மை எனக்குக் காப்பி தந்து, "என் தையல் மிஷினை நன்னாக்கித் தாறேன்னு எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுக்கா" என்பாள். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

திருமலைக் குன்றின் மேல் தங்கபாய் என்று ஒரு பெண். முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த அன்றைக்கே போய்விட்டன. மூன்றாவதற்கு ஐப்பசி நடுவில் நாள். வலி எடுத்ததும் வந்து நிற்பேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன். இதை அண்ணாச்சியிடமும் நாலைந்து தடவை சொன்னேன். ஐப்பசி பிறக்கும் முன்னே வண்டி தயார் என்று ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்.

குழந்தைக்கு நாள் கணக்கெல்லாம் தெரியவில்லை. சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் தங்கபாயின் புருஷன் சாம்பசிவன் வேர்த்து விறுவிறுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. என் பையும் கத்தரிக்கோலும் சந்தனப் பொட்டோடு சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தன. ஒரு கும்பிடு போட்டு எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு ஓடினேன்.

அங்கே என் வண்டிக்கு மாலை போட்டிருந்தது. அதன் முன்னால் ஸ்பானர்கள், சுத்தியல், திருப்புளி எல்லாம் வரிசையாகக் குங்குமத்தோடு கிடந்தன. எஞ்சின் சங்கிலி தனியாக ஒரு தாம்பாளத்தில் இருந்தது.

"சங்கிலியை மாட்டுங்க அண்ணாச்சி. தங்கபாய்க்கு வலி எடுத்தாச்சு."

அவர் முகம் வெளுத்தது. "பூஜைக்கு வச்சாச்சே! நாளைக்குக் காலம்பறதான் எடுக்கலாம். அதுவும் ஆறு கியரும் இன்னும்…"

"என் கத்தரிக்கோலையும்தான் வச்சேன். எடுத்திட்டு வரலியா? பிள்ளை விஜயதசமி வரைக்கும் உள்ளேயே இருக்குமா?"

"சரஸ்வதி கோச்சுக்கிடும் நர்ஸம்மா."

"அவ கோச்சுக்கிட்டா நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன். நீங்க எந்திரிங்க!"

அவர் எழுந்தார், கையை நீட்டினார், பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கடவுள் பயம் நிஜமான பயம், நடிப்பில்லை. அது தெரிந்ததால்தான் எனக்கு அவரை அறையலாம் போல வந்தது. அதற்குள் உலகம்மை உள்ளேயிருந்து வந்தாள். குனிந்து, ஒரு ஸ்பானரை எடுத்து, குங்குமத்தை முந்தானையில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கால் மணி நேரம். புதுப் பல்சக்கரத்தைக் கழற்றி எறிந்தார், பழையதைப் போட்டார், சங்கிலியை மாட்டினார். கியர் மாற்றும் கம்பியைப் பொருத்த நேரமில்லை என்று, அதை இழுத்து முதல் கியரிலேயே சணலால் கட்டிவிட்டார். மூன்று மாதமாக முடியாத வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கோபத்திலேயே வண்டியைக் கிளப்பினேன்.

பூஜப்புரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் அலறியது. ஆனால் நிற்கவில்லை. வேகமாக ஓடும் மனிதனின் வேகம், அவ்வளவுதான். இறங்காமல், தள்ளாமல், மாலையோடு மேலே போய்ச் சேர்ந்தேன்.

குழந்தை கால் முன்னாலாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி காலைப் பிடித்து இழுக்கக் குனிந்திருந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். இழுக்காமல், அவசரப்படாமல், தலை தானாகத் திரும்பும்வரை காத்திருந்து எடுத்தேன். நீலமாக இருந்தவன் இரண்டு நிமிஷம் கழித்து வீறிட்டான். தங்கபாய் என் கையை விடவே இல்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார், கையில் துணிப்பையோடு. ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது.

"பிள்ளை சௌக்கியமா நர்ஸம்மா?"

"சௌக்கியம்."

"பாத்தேளா! நம்ம வண்டி ஒரு உயிரைக் காப்பாத்தியாச்சு." பையிலிருந்து பளபளவென்று ஒரு பல்சக்கரத்தை வெளியே எடுத்தார். "இனி இதையும் மாட்டினா, அந்த ஏற்றத்தை இன்னும் நல்லா…"

நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன். நாக்கில் வேறொன்று வந்தது.

"ஆடி பதினெட்டு அன்னைக்கு பேரூர்க்கடையிலே இதே மாதிரி ஒரு பிரசவம் அண்ணாச்சி. இதே மாதிரி கால் முன்னால. நான் குன்றிலே நடந்து போய்ச் சேரும்போது இழுத்து முடிச்சிருந்தாங்க. பிள்ளை தங்கலை. கால் மணி நேரம் முந்திப் போயிருந்தா நேத்து மாதிரி எடுத்திருப்பேன். அன்னைக்கு என் வண்டி உங்க கடையிலே சாக்கு மேலே கிடந்தது. அதுக்கு முந்தின மாசமே அது ஓடிச்சு. நான் ஓட்டினேன்."

அவர் வாயைத் திறந்தார். "நீங்க சொல்லலியே."

"இப்போ சொல்லியாச்சு."

அவர் பல்சக்கரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஆணா, பெண்ணா?"

"நேத்தா? ஆண்."

"நேத்து இல்லே" என்றார் அண்ணாச்சி. "ஆடியிலே."

"பெண்ணு" என்றேன்.