இயர்போன் துளை

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். எதை நீட்டினாலும் ஒரு துண்டையாவது வெட்டாமல் திருப்பித் தரமாட்டார். எல்லாப் பாகமும் ஒரே மின்சுற்றுப் பலகையில் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டரை மலிவு விலையில் செய்துகொண்டிருந்தோம். ஓர் அட்டையில் பலகையின் அளவை வரைந்து, அதன்மேல் நிஜ பாகங்களையே பரப்பி வைத்துப் பேசுவோம். வாதத்தில் தோற்றவர் தன் கையாலேயே அந்தப் பாகத்தை எடுத்துவிட வேண்டும்.

அன்று மிச்சமிருந்தது ஒரே சண்டை. வைஃபையா, இயர்போன் துளையா? சொன்ன விலையில் இரண்டும் அடங்கவில்லை.

என் தம்பிக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் காதில் பேசினால்தான் அவனுக்கு வேலை ஓடும். அக்கா செய்யும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெருவெல்லாம் டமாரம் அடித்து வைத்திருந்தான்.

"துளை இருக்கட்டும் சார்," என்றேன்.

"திரைக்கு எப்படியும் டிவியிலதான் மாட்டணும், சத்தமும் அதுலயே வரும்மா."

"டிவியே தேவைப்படாத ஆளுங்க இருக்காங்க சார். பார்வை இல்லாதவங்க."

அவர் ஈவிரக்கமில்லாதவர் அல்ல. நாங்கள் இணையத்தில் நடத்திய கருத்துக் கணிப்பை எடுத்து என் முன் வைத்தார். "நாலாயிரம் பேர் பதில் சொல்லியிருக்காங்க. அதுல பார்வை இல்லாதவங்க எத்தனை பேர்னு நீயே பாரு."

ஒருவர்கூட இல்லை.

"அது எப்படி சார்?" என்று எகிறினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் படிவத்தைச் செய்ததே நான். அழகாக இருக்கட்டும் என்று கேள்விகளைப் படங்களுக்குள் எழுதியிருந்தேன். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து தெரியாது. இருபது வருஷமாகத் தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவள் நான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறேன்.

மறைக்காமல் சொன்னேன். "ஒரு வாரம் குடுங்க சார். திரும்பக் கேக்கறேன்."

"இன்னிக்குச் சாயங்காலம் வரைபடம் ஃபேக்டரிக்குப் போகணும்மா. என் கையில எதுவும் இல்ல." அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது.

அட்டையிலிருந்து அந்தத் துளைப் பாகத்தை எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே தம்பி கேட்டான். "எல்லாம் முடிஞ்சுதாக்கா?"

"ம்."

"உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு ஃபார்ம் வந்துச்சே, எந்த மண்டு பண்ணிச்சு? படம், படம், படம்னே சொல்லிட்டிருந்துச்சு." சிரித்தான். "சரி, நீதான் அங்க இருக்கியே, நீ பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்."