ஈரச் சாக்கும் குழு ஒற்றுமையும்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போனவர்கள் வாரத்தில் ஐந்து நாள் தொண்டு செய்ய வேண்டும். ஆறாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்து ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும். இது அவர்களை அனுப்பிவைத்த அமைப்பின் விதி. ஏழாம் நாளைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை; நேசித்த களைப்பில் தூங்கிவிடுவார்கள் என்று நம்பியிருக்கக்கூடும்.

குழுவில் மொத்தம் நான்கு பேர். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பல் டாக்டர் அம்மா, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் பிசியோதெரபிக்காரர், இம்மூவரையும் ஒற்றுமையாக வைத்திருப்பதைத் தவிர வேறு வேலை ஒதுக்கப்படாத கேப்டன். கேப்டன் ஊரில் ஒரு கம்பெனியின் பணியாளர் நலப் பிரிவில் இருந்தவர். நலம் என்று அவர் கருதியதிலிருந்து பணியாளர் எவரும் தப்பியதில்லை.

நால்வருக்கு அந்த வாரத்தின் ஆறாம் நாளில் இரண்டு வண்டிகள். வேனில் மனிதர்கள், பின்னால் வரும் ஜீப்பில் ஒற்றுமைக்கு வேண்டிய தளவாடங்கள்: கயிறு, பந்துகள், கண் கட்டும் துணிகள், ஒலிபெருக்கி.

அவர்கள் தொண்டு செய்துகொண்டிருந்த மறுவாழ்வு மையத்தின் வாசலுக்குக் கேப்டன் வந்தபோது இன்ஜினியர் வாளியும் கையுமாகக் குனிந்திருந்தார்.

"சார், ஏறுங்க. எல்லாரும் உங்களுக்காக வெயிட்டிங்."

"நான் வரலை கேப்டன். நேத்துதான் கான்கிரீட் போட்டது. இன்னிக்கு முழுக்க ஈரம் காயக் கூடாது."

"காயறதுக்குத்தானே சார் போட்டோம்?"

இன்ஜினியர் கண்களை மூடித் திறந்தார். கான்கிரீட் காய்வதில்லை, இறுகுகிறது. இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களிடம் பணிக்காலம் முழுவதும் சொல்லித் தொண்டை வறண்டவர் அவர். சமதளமாக இருந்தாலாவது பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிவிடலாம். இதுவோ சாய்தளம், ஊற்றுவதெல்லாம் வழிந்தோடிவிடும். சாக்குகளைப் பரப்பி, அவை உலர உலர நனைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

சாய்தளம் யாருக்காக என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மையத்துக்கு வருகிறவர்களின் பெயரைப் பதியும் பெண் சக்கர நாற்காலியில் வருபவள். தினமும் காலையில் இரண்டு ஆட்கள் அவளை நாற்காலியோடு, லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குவதைப்போல், படியேற்றுவார்கள். தூக்கும்போது அவள் எவர் முகத்தையும் பார்க்க மாட்டாள். வந்த முதல் நாளே இன்ஜினியர் இதைக் கவனித்தார். அன்றே அளவெடுத்தார். கட்டி முடித்தாயிற்று. அது வெடித்துவிட்டால் மறுபடி போட சிமெண்டும் இல்லை, இவர்களுக்கு விசாவில் நாளும் இல்லை.

"நாலு பேர்ல ஒருத்தர் வரலைன்னா அது டீம் இல்ல சார், ஆட்டோ சவாரி" என்றார் கேப்டன். "மேலிடத்துல கேப்பாங்க. தண்ணி ஊத்த ஆள் சொல்லுங்க, வாங்க."

ஆள் இருந்தது. மையத்தின் காவலாளி. அவருக்குத் தமிழ் தெரியாது, இன்ஜினியருக்கு அவர் மொழி தெரியாது. ஆகவே இன்ஜினியர் வாளியைக் காட்டினார், சாக்கைக் காட்டினார், சூரியனைக் காட்டினார், சூரியன் இன்னும் போக வேண்டிய இடங்களையெல்லாம் விரலால் வானத்தில் புள்ளி வைத்துக் காட்டினார். காவலாளி தலையாட்டினார். இன்ஜினியர் செய்து காட்டும்படி சைகை செய்தார். காவலாளி பிழையின்றிச் செய்தும் காட்டினார். அதற்குமேல் சந்தேகப்படுவது அநாகரிகம் என்று இன்ஜினியர் வேனில் ஏறினார்.

அருவிக்குப் போகும் மலைப்பாதை நெடுக கேப்டன் ஆளுக்கொரு பாராட்டு சொல்லும் விளையாட்டை நடத்தினார். பல் டாக்டரின் பொறுமையை பிசியோ பாராட்டினார். பிசியோவின் பற்களைப் பல் டாக்டர் பாராட்டினார். "இவ்வளவு வேலை குடுத்தும் தாக்குப் பிடிக்குதே!" இன்ஜினியர் முறை வந்தபோது, அவர் ஓட்டுநரின் பிரேக்கைப் பாராட்டினார்.

அருவி நன்றாகத்தான் இருந்தது. வானத்திலிருந்து தேவைக்கு மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கேட்பாரில்லை. இன்ஜினியர் வயிறு எரிய அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருவியின் அடியில், சட்டையைக் கழற்றிவிட்டுக் கண் சொக்கி நின்றிருந்த ஒருவர் இவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

காவலாளி.

"கேப்டன், இவர் எப்படி இங்க?"

"சர்ப்ரைஸ் சார்! நீங்க வேன்ல ஏறினப்புறம் ஜீப்ல சாமான் ஏத்தும்போது பாத்தேன், பாவம், தனியா வாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். மனசு கேக்கலை, ஜீப்ல ஏத்திட்டேன். யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாதுங்கறதுதான நம்ம கொள்கை?"

"அவர் ஏன் வாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்னு யோசிச்சீங்களா?"

கேப்டன் யோசித்தார். அது முகத்தில் மெதுவாகத் தெரிந்தது.

"ஐயோ" என்றார் பல் டாக்டர்.

"ஜீப்பைக் குடுங்க, நான் போறேன்" என்றார் இன்ஜினியர்.

"தனியாவா? சார், குழு முடிவுன்னு ஒண்ணு இருக்கு. கை தூக்குங்க. திரும்பிப் போகணும்ங்கறவங்க?"

இன்ஜினியரின் கை மட்டும் உயர்ந்தது. அருவிக்கடியில் காவலாளியும் கையை உயர்த்தினார். அவர் முதுகு தேய்த்துக்கொண்டிருந்ததால் அது கணக்கில் சேரவில்லை.

"இப்பதான சார் வந்தோம், இன்னும் சாப்பிடக்கூட இல்ல" என்றார் பிசியோ, சாப்பிட்டுக்கொண்டே.

ஜனநாயகம் நிலைநாட்டப்பட்டதும் கேப்டன் அடுத்த விளையாட்டை அறிவித்தார். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம்பிக்கை வளரும். "முதல்ல நம்ம இன்ஜினியர் சார்!"

"பொறுப்பை ஒப்படைச்ச ஆளையே தூக்கிட்டு வந்துட்டீங்க. உங்களை நம்பி நான் சாயணுமா?" என்றார் இன்ஜினியர். கண் கட்டும் துணியை நான்காக மடித்துக் கேப்டன் கையில் கொடுத்தார். ஜீப்பிடம் போனார். ஜீப் ஓட்டுநர் கேப்டனைக் கைகாட்டி உதட்டைப் பிதுக்கினார். இன்ஜினியர் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி நடக்கத் தொடங்கினார்.

"சும்மா போறார், வந்துருவார்" என்றார் கேப்டன்.

"வர மாட்டார். எங்க அப்பாவும் இப்படித்தான். கல்யாணப் பந்தியில கோவிச்சுக்கிட்டு எழுந்து போனவர், நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்" என்றார் பல் டாக்டர்.

முதல் வளைவில் இன்ஜினியரின் தலை மறைந்தது. அப்போதுதான் கொள்கை கேப்டனின் கழுத்தைப் பிடித்தது. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாதென்றால், போகிறவரோடு எல்லாரும் போயாக வேண்டும். பிசியோ பொட்டலங்களைக் கட்டினார். காவலாளியைத் துவட்டக்கூட விடாமல் ஏற்றினார்கள். இரண்டாம் வளைவில் இன்ஜினியர் வேனுக்குள் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவரிடம் எவரும் பேசவில்லை. பாராட்டு விளையாட்டைவிட அது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியது.

மையத்தில் வெயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. சாக்குகள் அப்பளமாய் மொறுமொறுத்துக் கிடந்தன. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார் இன்ஜினியர். மேல்பகுதியில் ஒன்றுமில்லை. நடுவிலும் இல்லை. கீழ் மூலையில், தலைமுடி விழுந்தாற்போல், ஒரு கோடு.

"போச்சா சார்?" கேப்டனின் குரலில் முதன்முறையாக ஒலிபெருக்கி இல்லை.

இன்ஜினியர் மண்டியிட்டார். கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார். நகம் இறங்கவில்லை.

"மேல்தோல்தான். பாரம் தாங்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா, நகம் உள்ள போயிருக்கும்."

"அப்பாடா! அழகா இருக்குமா?"

"இருக்காது."

கேப்டன் மறுபேச்சில்லாமல் வாளியை எடுத்தார். சாக்கில் ஊற்ற வேண்டியதைத் தன் காலில் ஊற்றிக்கொண்டார். காவலாளி அவர் கையிலிருந்து வாளியை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

மாலையில் இன்ஜினியர் சாய்தளத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சமையலறையில் மற்ற மூவரும் இருந்தார்கள். சன்னல் திறந்திருந்தது.

"பிரேக்கைப் பாராட்டுறாராம்! என்ன திமிர் பாருங்க!" என்றது பிசியோவின் குரல்.

"என் துணியை மடிச்சுக் குடுத்தார் பாருங்க, கோர்ட்டுல சாட்சிப் பொருள் குடுக்கற மாதிரி" என்றார் கேப்டன்.

"அவர் சம்சாரத்தை நினைச்சுப் பாருங்க. ரசத்துல உப்பு கம்மின்னா அளவெடுத்து வரைபடம் போட்டுக் காட்டுவார்போல!" என்றார் பல் டாக்டர்.

மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்று வாரங்களாக எந்தப் பந்தும் எந்தக் கயிறும் வரவழைக்காத சிரிப்பு. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒருவர் சொல்ல மறந்ததை மற்றவர் நினைவுபடுத்தினார். பிசியோ தன் தட்டிலிருந்து எடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் ஓசைகூடக் கேட்டது. இன்ஜினியர் அதைக் கவனமாகக் கேட்டார். நல்ல பிணைப்பு, இறுகிக்கொண்டிருக்கிறது, தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. பல் டாக்டர் அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, நிறைந்த வாளியோடு வந்து நின்றார்.

"சார், உங்களைத் திட்டறதுக்குக் கொஞ்சம் இடைவேளை விட்டிருக்கோம். எங்க ஊத்தணும்?"

"மேல் ஓரத்துல ஊத்துங்கம்மா. கீழ தானா வந்துரும்" என்றார் இன்ஜினியர்.